கியர்பாக்ஸுக்கு நடந்த பூஜை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் கவரைப்பேட்டையில் ஒரு லோடு வண்டிக்குக் குறுக்கே போய் நின்றேன். இந்த வயதில் எனக்கு அது தேவையா? தேவைதான் என்று இப்போதும் சொல்கிறேன்.

வண்டியின் பின்னால் பெரிய கியர்பாக்ஸ் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் தணிகாசலம். என் கணவரின் தம்பி. அங்கே சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்து, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ரிப்பேர், ஃபேப்ரிகேஷன் எல்லாம் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். பூஜைக்கு வாழைக்கன்றும் பொரியும் கொடுத்துவிட்டு வரலாம் என்று போன நான், வண்டியைப் பார்த்ததும் கேட்டேன்.

"பணம் வந்துடுச்சா தணிகை?"

"இல்ல அண்ணி. பூஜைக்கு மட்டும் கேட்டாங்க. முடிஞ்சதும் திருப்பி எடுத்துக்கோன்னு சொல்லிக்கீறாங்க."

அப்போதுதான் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றேன்.

விஷயம் இதுதான். கம்பி உருட்டும் மில் ஒன்றிலிருந்து வந்த கியர்பாக்ஸ் அது. உள்ளே பல் எல்லாம் தேய்ந்து, கிட்டத்தட்ட காயலான் கடைக்குப் போக வேண்டிய நிலை. தணிகை அதைப் பிரித்து, புது பேரிங் போட்டு, புது கியர் வெட்டி வாங்கி, மறுபடி உயிர் கொடுத்துவிட்டார். சாமான் வாங்கக் கையில் காசில்லை. என் ஓரகத்தி மல்லிகாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆர்டரில் 'வேலை முடிந்ததும் பணம்' என்றுதான் இருந்தது. வேலையும் முடிந்தது. பணம்? கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரைக் கேட்டால் 'நாளைக்கு' என்பார். அந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையை வைத்தே வண்டி ஓடுகிறது!

போன வருஷம் இன்னொரு கம்பெனிக்கு ஷெட் போட்டுக் கொடுத்து, பாதிப் பணத்துக்கு இன்னும் நடையாய் நடக்கிறார் தணிகை. "ஷெட்ட கழட்டிக்கினு வரவா முடியும்?" என்று அப்போது கேட்டார். அதற்குப் பிறகுதான், இந்தத் தடவை பணம் வராமல் பொருள் வெளியே போகாது என்று வைராக்கியமாக இருந்தார். அந்த வைராக்கியத்தை மேனேஜர் எதைச் சொல்லி உடைத்தார் பாருங்கள்... சாமியைச் சொல்லி.

"மில்லுல மெயின் மிஷினு இல்லாம எப்டி பூஜை போடறதுன்னு கேக்கறாரு. சாமி விஷயத்துல நான் இல்லன்னு சொன்னா பாவம் இல்லியா?"

"மல்லிகா வளையலுக்கு வட்டி ஏறுதே, அது பாவம் இல்லியா?"

அவர் மறுபடி கயிற்றை எடுத்தார். பொன்னேரியில் வக்கீலாக இருக்கும் என் தோழி ரேவதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். கதையைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கியர்பாக்ஸ் இப்ப எங்கே இருக்கு?"

"வண்டி மேல."

"முதல்ல கீழே இறக்கச் சொல்லு. அப்புறம் பேசறேன்."

செயின் பிளாக் மாட்டி இறக்கினார்கள். தணிகை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ரேவதி பொறுமையாக விளக்கினாள்.

"நம்மகிட்ட கொடுத்த பொருள்ல நம்ம உழைப்பையும் திறமையையும் போட்டு வேலை முடிச்சுட்டோம்னா, அதுக்கான கூலி வர வரைக்கும் அதை நம்மகிட்டயே வெச்சுக்கச் சட்டம் இடம் கொடுக்குது. இங்கிலீஷ்ல 'லீன்'னு சொல்வாங்க. ஆனா அது பொருள் உங்க கையில இருக்கற வரைக்கும்தான். நீங்களா அனுப்பிட்டீங்கன்னா அந்த உரிமையும் அதுகூடவே கிளம்பிப் போயிடும். பூஜைக்குப் போச்சா, டிரையலுக்குப் போச்சான்னு அப்புறம் கோர்ட்டுல நின்னு பேசிக்கிட்டு இருக்கணும்."

தணிகை நெற்றியைத் தேய்த்தார். "அப்ப ஷெட்டு?"

"அது அவங்க இடத்துல நிக்குது. சில வெளிநாட்டுல கட்டடத்து மேலயே இந்த மாதிரி உரிமையைப் பதிவு பண்ணி வைக்கலாம். நம்ம ஊர்ல கான்ட்ராக்டருக்கு அப்படி வழி இல்லை. அந்தப் பாக்கிக்கு வேற விதமா போகணும், பேப்பர் எல்லாம் எடுத்துட்டு ஆபீஸுக்கு வாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கியர்பாக்ஸை விக்கக் கூடாது. பழைய பாக்கி எதுக்காகவும் பிடிச்சு வைக்கக் கூடாது. பத்திரமா பாத்துக்கணும். ஆர்டர்ல பணத்தை இத்தனை நாள் கழிச்சுத் தரலாம்னு எழுதியிருந்தாலும் கதை மாறிடும். உங்களுக்கு அப்படி இல்லை, பொழைச்சீங்க."

சரி, சட்டம் புரிந்துவிட்டது. சாமிக்கு என்ன பதில்? எனக்குச் சட்டென்று தோன்றியது... மிஷின் பூஜைக்குப் போனால்தானே வம்பு? பூஜை மிஷினிடம் வரட்டுமே!

தணிகை முதலில் மேனேஜருக்குத்தான் போன் செய்தார். "இங்கயே பூஜை வெச்சிக்கலாம் சார், மொதலாளிய இட்டுனு வாங்க" என்றதும் அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. ஏன் கட்டாக வேண்டும்? எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. முதலாளியின் நம்பரைத் தேடி எடுக்கச் சொன்னேன். "அவர்கிட்டல்லாம் நான் பேசனதே இல்ல அண்ணி, பேஜாரா பூடும்" என்று நெளிந்தவரை, பேசாமல் விடமாட்டேன் என்று நின்றேன். பேசினார். பூஜைக்கு வரவேண்டும் என்று மட்டும்தான் அழைத்தார். பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்பே ஜோராக இருந்தது. லேத்துக்கு மாலை, வெல்டிங் செட்டுக்குப் பொட்டு, நடுவில் கல்யாணப் பெண் மாதிரி கியர்பாக்ஸ். தணிகை மட்டும் வாசலையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்யும் ஆட்களுக்கு அன்றைக்கு போனஸ் கொடுக்க வேண்டும். சட்டைப் பையில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் மல்லிகாவுக்கும் தெரியும்.

முதலாளி வந்துவிட்டார். மனைவியோடு, ஒரு கூடை சாமந்தியோடு. ஆந்திரா பக்கத்து மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கியர்பாக்ஸின் ஷாஃப்டைப் பிடித்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"நைனா... இது முடிஞ்சிடுச்சா?"

"அமாவாசைக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சிங்க."

"இன்னும் வேலை முடியலேன்னு இல்ல எங்கிட்ட சொல்லினு இருக்காங்க? இது இல்லாம என் மில்லே நிக்குது."

தணிகை என்னைப் பார்த்தார். நான் மல்லிகாவைப் பார்த்தேன். மல்லிகா யாரையும் பார்க்கவில்லை. நேராக அவரிடமே சொல்லிவிட்டாள்.

"வேலை முடிஞ்சிடுச்சிங்க. துட்டு வரல. வந்தா இன்னிக்கே எடுத்துனு போலாம்."

முதலாளி வெளியே போய் யாருடனோ தெலுங்கில் போனில் பேசினார். குரல் உயர்ந்தது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. ஐயர் கற்பூரம் ஏற்றி, தட்டை எங்களிடம் நீட்டும்போது தணிகையின் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கற்பூரத்தைக்கூடத் தொட்டுக் கும்பிடாமல், அங்கே கிடந்த ஆயில் டிரம் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முழுசா வந்துடுச்சு அண்ணி."

 மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் பொரி கொடுக்கப் போனாள். சாயங்காலம் அவள் கை வெறுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னைத் தூங்க விடமாட்டீர்கள்.

அந்த மேனேஜர் ஏன் அப்படிச் செய்தார்? தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று பெருந்தன்மையாக எழுதத்தான் ஆசை... ஆனால் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், நமக்குப் பணம் கேட்கத்தான் வாய் வருவதில்லையே தவிர, பொருளைத் தூக்கிக் கொடுக்கக் கை தயாராக இருக்கிறது. உரிமையோடு வைத்துக்கொண்டால் பகை என்று நினைத்துவிடுகிறோம். இங்கே என்ன பகை வந்தது? பணம் வந்ததும் அதே வண்டியில் மாலையும் பொட்டுமாக கியர்பாக்ஸ் மில்லுக்குப் போனது. போகும்போது முதலாளி இன்னொரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனார். ஷெட் போடுபவர்கள், பெயிண்ட் அடிப்பவர்கள் மாதிரி கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதவர்கள், வேலை பாதியில் இருக்கும்போதே தவணை தவணையாக வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். முடித்துக் கொடுத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இவ்வளவு விவரமாகப் பேசும் நான், இந்தப் பத்தியை வழக்கம்போல் முழுசாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் பத்திரிகை ஆசிரியரின் செக்குக்காகக் காத்திருக்கிறேன்!