ஐந்தாம் எண்ணுக்கு ஒரு காலிங்பெல் சுவிட்ச்

மீசை முளைக்காத வயதில் மல்லசமுத்திரத்துக் கடலைக்காட்டில் உட்கார்ந்து, புகைந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்துக் கம்பி சுற்றி ஓடவிட்டவன் நான். நாலாவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெல்டிங் மிஷினுக்கு டிரான்ஸ்ஃபார்மர் செய்தேன். மின்சாரம் ஏறி இறங்கிப் பள்ளிபாளையத்துத் தறிகள் தவித்த காலத்தில் ஸ்டெபிலைசர் செய்து கொடுத்தேன். இன்ஜினியர் ஒருவர் தொட்டுப் பார்த்து, “இது ஆகாது, பழைய இரும்புக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போன மோட்டார் இன்றும் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறது. திருச்செங்கோட்டு ரோட்டில் இப்போது நிற்கிற என் பட்டறைக்குக் கூரை போட்டதும் நான்தான், கேட்டைப் பற்றவைத்ததும் நான்தான். யாரும் கைகொடுக்கவில்லை. பேங்க்காரர் என் கைநாட்டு மாதிரியான கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இதில் எதையும் ஒரு ஆள் வந்து செல்போனில் படம் பிடித்தது கிடையாது. என் சகலையின் பழைய கம்ப்யூட்டரைத்தான் எல்லோரும் வந்து படம் பிடிக்கிறார்கள்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர். பட்டம் வாங்கியவர், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் தலை கறுப்பாக இருந்த நாளில், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அவருக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். தோசைக்கல் அகலம்கூட இல்லாத கறுப்புப் பெட்டி. அதன் மேலேயே ரப்பர் பொத்தான்கள். தனியாகத் திரை கிடையாது, வீட்டு டிவியில்தான் மாட்ட வேண்டும். பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால், கழுத்தைப் பிடித்த சேவல் மாதிரி கீச்சென்று கத்தும். கத்தி ஓய்ந்ததும் திரையில் தீவனக் கணக்கு வந்து நிற்கும். மக்காச்சோளம் எத்தனை கிலோ, புண்ணாக்கு எத்தனை, முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் எத்தனை என்று அது கேட்கும், இவர் அடிப்பார். அந்தக் கணக்கை அவரே எழுதினார். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவர் பண்ணைக்குத் தீவனம் கலப்பது அந்தக் கணக்குப்படிதான்.

அந்த வருடப் பொங்கலுக்கு மாமனார் வீட்டில் பந்தி நடந்தது. என் மாமியார் வந்தவர்களிடமெல்லாம், “மூத்த மாப்ள கம்ப்யூட்டருல கணக்குப் போட்டுக் கோழிக்குத் தீனி வெக்கறாருங்க” என்று சொல்லிக்கொண்டே பரிமாறினார். யாரோ ஒரு பெரியவர், “சின்ன மாப்ள என்ன பண்றாப்ல?” என்று கேட்டார். “அவருங்களா, கம்பி சுத்தறாருங்க” என்று சொல்லிவிட்டு மாமியார் ரசத்துக்குப் போய்விட்டார். பந்தியே சிரித்தது. அவர்கள் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு அந்த மாதம்தான் கம்பி சுற்றிக் கொடுத்திருந்தேன். அந்தத் தண்ணீரில் வெந்த சோற்றை அப்படியே வைத்து இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

முதல் கோடையிலேயே அந்தக் கம்ப்யூட்டரின் கரண்டுப் பெட்டி எரிந்துபோனது. எங்கள் ஊர் மின்சாரம் வெளிநாட்டுச் சாமானுக்குத் தெரியுமா? சகலை என்னிடம் கொண்டுவந்தார். அதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போகிற மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்தேன். அம்மிக்கல் கனம் இருக்கும். மேஜைக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அது இன்றுவரை சூடாகவில்லை.

அடுத்து ஒரு ஆயுத பூஜை வந்தது. பண்ணையில் தராசுக்கும் அரவை மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், கம்ப்யூட்டருக்கும் வைத்தார். வைப்பவர் ஓரத்தில் வைக்கக்கூடாதா? நட்ட நடுவில், எண்கள் இருக்கும் வரிசையில், சந்தனத்தை நீர்க்கக் கரைத்துப் பெரிய பொட்டாக வைத்துவிட்டார். சந்தனத் தண்ணீர் ரப்பர் இடுக்கில் இறங்கி ஐந்தாம் எண் செத்துவிட்டது. எவ்வளவு அமுக்கினாலும் ஐந்து வரவில்லை.

படித்தவர் அல்லவா, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து வேண்டிய இடத்தில் நாலு கூட்டல் ஒன்று என்று அடித்தார். மிஷின் அதைக் கூட்டி ஐந்து என்று எடுத்துக்கொண்டது. பெருமை தாங்கவில்லை அவருக்கு. கிளிஞ்சலுக்கு ஐம்பது அடிக்க வேண்டிய இடத்திலும் அதே பழக்கத்தில் நாலு கூட்டல் ஒன்று அடித்துப் பக்கத்தில் ஒரு சைபரையும் போட்டார். மிஷின் நாலையும் பத்தையும் கூட்டிப் பதினான்கு என்று வைத்துக்கொண்டது. திரையில் வந்ததை அப்படியே படித்துத் தீவனம் கலந்தார்கள். கொஞ்ச நாளில் முட்டை ஓடு காகிதமாக மெலிந்தது. அட்டையில் அடுக்கும்போதே உடைந்தது. லாரிக்காரர் ஏற்றமாட்டேன் என்று திரும்பிப் போனார்.

அன்றைக்குச் சகலை என் பட்டறை வாசலில் அந்தப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“சகலை, இதைக் காப்பாத்தி உட்ருங்க.”

“புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமுங்களே அண்ணா?”

“இதுலதானுங்க என்ற கணக்கெல்லாம் இருக்குது. இது போனா நானும் போனமாதிரிங்க.”

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் சுவிட்ச் என்றால் இரண்டு முனை தொடுவதுதான் என்று தெரியும். பெட்டியைத் திறந்து, டிவியில் மாட்டி, ஒரு கம்பியின் நுனியை உள்ளே ஒரு புள்ளியில் வைத்து, மறுநுனியால் மற்றப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். மூன்று வந்தது, ஏழு வந்தது, என்னென்னமோ எழுத்து வந்தது. கடைசியில் திரையில் ஐந்து வந்து நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் பேரன் பிறந்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் ஒயர் இழுத்து, ஒரு பலகைத் துண்டில் காலிங்பெல் சுவிட்சை மாட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்ற எண்ணெல்லாம் ரப்பரில், ஐந்து மட்டும் காலிங்பெல்லில். இன்றுவரை அப்படித்தான்.

என் பட்டறைக்கும் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஒன்று போய் இன்னொன்று, அதுவும் போய் மற்றொன்று. எல்லாம் மூலையில் தூசி தின்கின்றன. அவருடையது மட்டும் நான் கொடுத்த கரண்டில், நான் கொடுத்த ஐந்தில், ஜம்மென்று ஓடுகிறது. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் அதைப் பார்க்கச் சகலை வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன், கையில் டீ டம்ளரோடு. கேசட் கத்தியது, தீவனக் கணக்கு வந்தது, ஒரு பெண் காலிங்பெல்லை அமுக்கினாள், திரையில் ஐந்து வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். “இது சூப்பருங்க அங்கிள், யாரு பண்ணுனாங்க?” என்று கேட்டாள். சகலை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நானே ஒரு ரோசனை பண்ணி வெச்சேன் சாமி” என்றார்.

டீ ஆறிப்போய்விட்டது. அன்று சாயங்காலமே அந்த வீடியோ என் மனைவியின் செல்போனுக்கு வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். “ஏனுங்க, ஒரு சுவிட்சுக்கா இப்பிடி வேகறீங்க?” என்றாள் அவள். ஆமாம், ஒரு சுவிட்சுக்குத்தான் வேகிறேன். அவருடைய பட்டத்தைப் பார்த்து வெந்தேன், மாமியார் அவருக்கு முதலில் இலை போட்டதைப் பார்த்து வெந்தேன். அவை எனக்கு உரியவை அல்ல, விட்டுவிட்டேன். இது என்னுடையது.

இப்போது அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுகிறபடியே வைக்கப்போகிறார்களாம். ‘பல்லாண்டுகள் பாதுகாத்துப் பயன்படுத்தியவர்’ என்று சகலை பெயரோடு பித்தளைப் பலகை. விழாவுக்கு அழைக்க வந்த சகலையிடம் நேராகவே கேட்டேன்.

“எம்பேரு எங்கீங்க அண்ணா?”

“சுவிட்சுக்கெல்லாம் பேரு போட்டா பலகை பத்தாதுங்க சகலை” என்று சிரித்தார்.

பலகை பத்தாவிட்டால் நான் செய்து தருகிறேன். என் பட்டறையில் பித்தளைத் தகடு இருக்கிறது. மூத்தவர், அவர் பெயர் மேலேயே இருக்கட்டும். அதன் கீழே, இதற்குக் கரண்டு கொடுத்ததும் செத்த ஐந்தைத் திரும்பக் கொண்டுவந்ததும் இளைய மாப்பிள்ளை என்று என் முழுப் பெயரோடு எழுத வேண்டும். அவர் பெயரைவிட என் பெயர் ஒரு நூல் அளவுகூடச் சின்னதாக இருக்கக்கூடாது. விழாவுக்கு இன்ச் டேப்போடுதான் வருவேன்.