ஒன்பதாம் மாடியின் மூச்சு

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இருந்த தெம்பையெல்லாம் அந்தக் கட்டடம் உறிஞ்சிவிட்டது.

மெல்பர்னில் அலுவலகக் கட்டடங்களின் மின்செலவைக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். வருடம் முழுக்க எவ்வளவு மின்சாரம் எரித்தது என்று பார்த்துக் கட்டடத்துக்கு நட்சத்திரம் தருவார்கள். எங்களுக்கு ஆறு வேண்டும். ஆறு வந்தால்தான் அரசு அலுவலகம் அங்கே தங்கும். எனக்கும் அங்கே வேலை இருக்கும். ஜூனோடு முடியும் கணக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் பாக்கி. ஆறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கெடுத்தது ஒன்பதாம் மாடி.

அங்கே போன் பேசுவதற்கென்று ஒரு குட்டிக் கண்ணாடி அறை. ஆட்கள் மூச்சுவிட்டால் காற்று கெடுகிறதல்லவா, அதை அளக்க அதில் ஒரு சென்சார். காற்று கெட்டால் விசிறி ஓடும், ஆளில்லையென்றால் ஓடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஈ காக்காய் இல்லாத மாடியில், உள்ளே ஆள் இருப்பதாக அந்தச் சென்சார் சாதித்தது. அந்த ஓர் அறைக்காக மாடி முழுவதற்குமான ராட்சச விசிறி ஓடியது. வெளிக்குளிரை இழுத்து, சூடாக்கி, யாருக்கோ ஊட்டியது. மூன்று முறை சென்சாரை மாற்றினேன். மூன்று முறையும் அதே கதை. எனக்கு வயிறு எரிந்தது.

கட்டட மேலாளர் கெரின் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சினாள்.

“ஒரு ரூம், ஃபெர்கஸ். ஒரே ஒரு ரூம். அதை அடக்கத் தெரியல, நீயெல்லாம் என்னய்யா எக்ஸ்பர்ட்டு?”

“சென்சார்ல குறை இல்ல, கெரின்.”

“அப்போ? பேய் வந்து போன் பேசுதாக்கும்?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு நானே போனேன். கீழே காவலுக்கு இருந்த மனாசே, டோங்கா தீவுக்காரர், மலை மாதிரி ஆள், டிவியில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பார்த்தபடி, இறைச்சி அடைத்த மீட்-பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமையுமா ப்ரோ? வீட்ல துரத்தி விட்டுட்டாங்களா?”

“ஒன்பதாம் மாடியில கொஞ்சம் வேலை.”

மீட்-பையைக் கீழே வைத்தார். “இருட்டுறதுக்குள்ள இறங்கிடு.”

எரிச்சலில் நான் காதில் வாங்கவில்லை.

மேலே யாருமில்லை. கழிவறை வரை தேடினேன். பிறகு கண்ணாடி அறைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே குளிர்காலப் பொழுது மங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அசையாமல் இருந்ததால் விளக்குகள் தாமாக அணைந்தன. எங்கள் ஊர் அலுவலகங்களில் இது பழகிப்போன தொல்லை. கையைத் தூக்கி ஆட்டினால் மறுபடி எரியும். நான் ஆட்டவில்லை. எது விசிறியைக் கிளப்புகிறது என்று பார்த்தே தீரவேண்டும்.

மணி ஐந்து பத்து. காற்றில் மூச்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று சென்சார் காட்டும் எண் என் போனில் தெரிந்தது. 430. வெறும் அறையின் எண்.

460...

520...

உள்ளே யாருமில்லை. கண்ணெதிரே இருக்கிறது அறை. யாருமில்லை.

700.

ஹ்ர்ர்ரூம்ம்... தலைக்கு மேலே விசிறி எழுந்தது.

“சனியனே!” என்று கத்திக்கொண்டே எழுந்தேன். மாடி விளக்குகள் எரிந்தன. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனேன். உள்ளே வெதுவெதுப்பு. இரவெல்லாம் அடைத்துவைத்த படுக்கையறையின் வாடை.

க்ளிக். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

அறை விளக்கு எரியவில்லை. கையை ஆட்டினேன். எரியவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். குதித்தேன். ம்ஹூம்.

கையை இறக்கினேன். அசையாமல் நின்றேன்.

விளக்கு எரிந்தது.

நான் அசையவில்லை... நான் அசையவே இல்லை.

அப்போதுதான் கதவுக் கண்ணாடியைப் பார்த்தேன். தரையை ஒட்டி, கீழே, ஒரு கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது.

சுருங்கியது.

படர்ந்தது.

சுருங்கியது...

கதவைத் திறந்தது நினைவிருக்கிறது. படியில் இறங்கியது நினைவில்லை.

கீழே மனாசே என்னைப் பிடித்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“ரோவீனான்னு ஒரு அம்மா. மூணு வருஷம் முன்னாடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த ரூமுக்குப் போன் பேசப் போனாங்க. பக்கவாதம். கதவு ஓரமா விழுந்துட்டாங்க. கை கால் வரல, பேச்சும் வரல.”

“யாரும் பார்க்கலையா?”

“அசைஞ்சாதானே லைட் எரியும்? அணைஞ்சிடுச்சு. அப்ப இருந்த காவலாளி மாடி இருட்டா இருக்கேன்னு பூட்டிட்டுப் போயிட்டான். லைட் அணைஞ்சதால ஆளில்லன்னு காத்தும் நின்னுடுச்சு. திங்கக்கிழமைதான் பார்த்தாங்க. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாராம். அதுக்கப்புறம்தான் அந்த சென்சாரே வச்சாங்க.”

மறுநாள் கெரின் ஒரே வரியில் முடித்தாள். “அந்த ரூமுக்குக் காத்தை அடைச்சிடு. ஆறு வந்துடும்.”

ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். என்னால் முடியவில்லை. காரணம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் சிரிப்பாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். வேலை போயிற்று. என் இடத்துக்கு வந்தவன் முதல் நாளே காற்றை அடைத்துவிட்டான். அந்தக் கட்டடத்தின் வாசலில் இன்று ஆறு நட்சத்திரப் பலகை பளபளக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் மனாசே போன் செய்தார். வேலையை விட்டுவிட்டாராம்.

“ஏன்?”

“இப்பல்லாம் கண்ணாடியில ஆவி படியறதில்ல, ப்ரோ.”

“அப்புறம் என்ன?”



“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா தட்டுது. கதவோட அடியில இருந்து. அந்தம்மாவால ஒரு விரலைக்கூட அசைக்க முடியலன்னு சொன்னாங்களே... இப்ப முடியுது.”