பாலத்தின் அடியில் ஒரு குரல்

அந்தப் பெரிய ஸ்டேஷனில் ரயில் அறிவிப்புச் செய்பவளை எல்லோரும் ‘மைக் அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது.

அவளுடைய அப்பாவும் இதே ஸ்டேஷனில்தான் இருந்தார். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அதற்குத் திருப்பிவிடும் வேலை. அப்போது இருந்தது நாலே நாலு பிளாட்பாரம். நகரம் வீங்க வீங்க, ஸ்டேஷனும் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளை விழுங்கிப் பெருத்தது. அவர் வேலையில் இருக்கும்போதே கண்ணை மூடிவிட, கூட வேலை பார்த்தவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி மகளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தார்கள். முதல் வாரம் மைக்கைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வழியே மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவரைப் பார்த்து, அவரிடம் சொல்வதுபோலச் சொல்லித்தான் பழகினாள்.

ஒரு விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், கொட்டுகிற மழை. மூன்றாம் பிளாட்பாரத்துத் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால், அங்கே வரவேண்டிய வண்டியை ஏழுக்கு மாற்றினார்கள். அவள் அதைச் சொன்னதும் ஜனம் மொத்தமும் நடைபாலத்தில் ஏறியது. அடுத்த அறிவிப்புக்கு வாயைத் திறக்கும்போது கரண்ட் போனது. அந்த வண்டி ஏழில் வந்து நின்றது. அதே நேரம் ஆறிலும் ஒரு வண்டி வந்து நிற்க, அதிலிருந்து இறங்கியவர்களும் அதே பாலத்தில் ஏறினார்கள். நடுவில் கூட்டம் இறுகியது. ஒரு குழந்தை வீறிட்டது.

அவள் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் செய்தாள். “சார், ஏழுல நிக்கிற வண்டிய விட்டுடாதீங்க. பாலத்துல கூட்டம் நெரியுது!”

நிறுத்திவைப்பதாக அவர் சொன்னதும் வெளியே ஓடி, படியடியில் கிடந்த சாமான் வண்டிமேல் ஏறிக் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, தினமும் சொல்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

தலைகள் திரும்பின.

“நீங்க ஏறாம வண்டி கிளம்பாது. நான் சொல்றேன். யாரும் நகராதீங்க. குழந்தைங்களத் தோள்ல தூக்கிக்கோங்க. கீழ்ப்படியில நிக்கிறவங்க மட்டும் மெதுவா இறங்குங்க!”

பாலம் அப்படியே நின்றது. போர்ட்டர்கள் ஓடிவந்து கைகோத்துப் படியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஏற, ஒரு பக்கம் இறங்க. கூட்டம் கரைந்தபோது மிஞ்சியது கொஞ்சம் அறுந்த செருப்புகள்தான். கால் பிசகிய ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்தார்கள்.

அவள் சாமான் வண்டியிலிருந்து இறங்கினாள். போர்ட்டர்களைப் பார்த்துக் கைகூப்பினாள். “நான் கத்தினதோட சரி. கைய விடாம நின்னது நீங்கதான். நல்லா இருப்பீங்கய்யா.”

“வண்டி லேட்டு, வண்டி லேட்டுன்னு இத்தனை வருஷமா நீங்க ஒரு பொய்யாவது சொல்லியிருக்கீங்களா அக்கா?” என்றார் மூத்த போர்ட்டர். “அதான் ஜனங்க நம்பிட்டாங்க.”

சிரிக்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது.

வீட்டில் எல்லாவற்றையும் சைகையிலேயே சொல்லி முடித்தாள். கணவர் வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டு, “நகராதீங்கன்னு சொன்னா நாங்களும் சொன்ன பேச்சு கேப்போமே! தினம் காலையில எந்திரி, எந்திரின்னா யார் கேப்பா?” என்றார்.

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மழையில் நனைந்தபடி கைகோத்து நின்ற அந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அத்தனை பேரும் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே தூங்கிப்போனாள்.