கட்டைக்கால் எழுத்து

கம்பம் டவுனில் ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் ஒருவர் இருக்கிறார். சாயம் பூசிய மீசை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கூலிங்கிளாஸ். கல்யாணமோ காதுகுத்தோ, அவரிடம் ஒரே எழுத்துதான். பழைய நாடக நோட்டீசில் வருவதுபோலத் தடித்து, முனைக்கு முனை கட்டைக்கால் முளைத்து, வயிற்றுக்குள் பூவேலையும் செய்த எழுத்து. அதைத் திரையில் போட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

பெரியப்பா இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி அடிக்க அவரிடம்தான் போனேன். "சாதாரண எழுத்து போதும்" என்றேன்.

"அதுல போட்டா செத்தது யாருன்னு ரோட்டுல போறவனுக்கு எப்படிண்ணே தெரியும்?"

எங்கள் ஊர் கோம்பைக்குக் கொண்டுவந்து விரித்தால், எழுத்துக்கு இடம் போதாமல் பெரியப்பாவின் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கியிருந்தார். போனில் கத்தினேன்.

"அவுக மூஞ்சிதான் ஊருக்கே தெரியுமேண்ணே!" என்றார்.

சாயங்காலம் மாலையோடு அவரே துட்டி விசாரிக்க வந்தார். வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்றார். பின்னால் நகர்ந்து ஒற்றைக் கண்ணை மூடினார். திறந்திருந்த கண்ணில் தண்ணீர் நின்றது. மாலையை அந்த எழுத்துக்கே போட்டுவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று வந்த மாலைகளிலேயே பெரியது அதுதான்.