சதுப்பில் கொட்டிய செம்மண்

எங்கள் ஓடையை மூடியது எங்கள் வார்டு உறுப்பினர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நீலகிரியில் மஞ்சூர் பஸ் போகிற வழியில், தேயிலைத் தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகள் பதினொன்று. மேலே தேயிலைக் காடு முடிகிற இடத்தில், கால் வைத்தால் பொதபொதவென்று அமுங்கும் சதுப்பு. அதில் ஊறுகிற தண்ணீர்தான் ஓடையாக இறங்கி வருகிறது. வீட்டுக்கு ஒரு ஓஸ் குழாய் போட்டு எடுத்துக்கொள்வோம். எது யாருடையது என்று தெரிய, ஓஸ் வாயில் அவரவர் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவைப்போம். என்னுடையது மஞ்சள்.

போன தை மாதம் தண்ணீர் நின்றது. மேலே போய்ப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடையில் எனக்கு மேலே ஓஸ் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாள் என்று நானே முடிவுகட்டி, அவளுடைய பச்சைத் துணி ஓஸைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் என் ஓஸ் தேயிலைச் செடியில் சுற்றிக் கிடந்தது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோர் முன்னும் கேட்டாள்: “ஏனுங்கக்கா, உங்க ஓஸுக்குச் சடை பின்னி உட்டிருக்கறேன், பாத்தீங்ளா?”

“பாத்தேன். உன்னையும் சேத்துப் பின்னலாம்னு இருக்கேன்” என்றேன்.

அவள் எனக்கு மேலே போட்டாள். நான் அவளுக்கு மேலே போட்டேன். மற்ற வீடுகளும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஏறி ஏறி, ஞாயிற்றுக்கிழமை பதினொரு ஓஸும் பதினொரு வீட்டாரும் உச்சிக்கு வந்து நின்றோம்.

அங்கே சதுப்பைக் காணோம். செம்மண் மேடுதான் இருந்தது. உறுப்பினர் தன் காட்டேஜுக்காக மலையை வெட்டி, லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். “இதுக்காங்கக்கா நாம ஒரு வாரம் அடிச்சுக்கிட்டோம்?” என்று சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு மண்ணை அள்ள மண்வெட்டி வந்தது, உரச்சாக்கு வந்தது. யாரோ கறுப்புத் தேநீர் வைத்தார்கள், யாரோ வர்க்கி கொண்டுவந்தார்கள். சேற்றில் வழுக்கி விழாத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில்கூட நாங்கள் இவ்வளவு சிரித்ததில்லை. சாயங்காலம் ஒரு ஓரத்தில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. இப்போது அதில் நாலு ஓஸ்தான் போட்டிருக்கிறோம். மற்ற வீட்டுக்காரர்கள் அந்த நாலு வீட்டில் முறை வைத்துப் பிடிக்கிறார்கள். சண்டை இல்லை.

ஆனால் முக்கால்வாசி மண் அப்படியே இருக்கிறது. ஆனி மழையில் அது சரிந்தால் அந்த விரல் தடிமனும் போய்விடும்.

உறுப்பினருக்குப் போன் போட்டேன். “அங்க ஓடையே இல்லீங்ளே, வெறும் சேறுதானுங்” என்றார்.

உறுப்பினரே, போனில் என்னிடம் சொன்னது போதாது. வருகிற கிராம சபையில் மைக்கைப் பிடித்து எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: மழைக்கு முன்னால் எந்தத் தேதியில் அந்த மண்ணை அள்ளப் போகிறீர்கள்?