மெஷின் இல்லாத நாள்

சீருடை தைக்கும் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். ஐம்பது துணியை அடுக்கி ஒரே மூச்சில் வெட்டுகிறவர். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார் என்று பெயர். போன மாதம் ஒரு அடுக்கு முழுவதையும் சட்டையின் இடது கையாகவே வெட்டித் தள்ளிவிட்டார். டாக்டரிடம் எழுதி வாங்கி வராமல் கத்தியைத் தொடக்கூடாது என்றார் முதலாளி.

ஆறு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எப்படியும் வருகிறாரே என்று டாக்டரம்மா மெஷினோடு படுத்திருந்தவருக்கே ஞாபகப் பரீட்சை வைத்தார். சொல்லிக்கொடுத்த ஐந்து வார்த்தைகளில் ஒன்றுதான் திரும்பி வந்தது. வரையச் சொன்ன கடிகாரத்தில் எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன.

மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“நாலு மணி நேரம் ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்த விட்டுட்டு, கணக்கா பதில் சொல்லுன்னா யாரால முடியும்? மறுநாள் பாருங்க டாக்டர், இவர் வேற ஆளு!”

அவள் சொன்னது பொய்யில்லை. மெஷின் நாளில் வீட்டுக்கு வந்ததும் மூட்டையாகச் சரிந்துவிடுவார். மறுநாள் எழுந்து, அவள் மடித்து வைத்த துணியில் குற்றம் கண்டுபிடிப்பார்.

“சரிம்மா, நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க,” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் சவரம் செய்து, தானே இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். பஸ்ஸில், “பரீட்சைக்குப் போறேன், பிட்டு ஏதும் வச்சிருக்கியா?” என்று கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

டாக்டரம்மா சொன்ன ஐந்து வார்த்தைகளையும் உடனே ஒப்பித்தார். பிறகு கடிகாரம். எண்கள் ஒழுங்காக உட்கார்ந்தன, முள்ளைப் போட மறந்துவிட்டார். மறுபடி வார்த்தைகளைக் கேட்டபோது “விளக்கு” என்றார். யோசித்துவிட்டு மறுபடியும் “விளக்கு” என்றார். சாவி, படகு, மணல், தொப்பி என்று மனைவியின் உதடு தானாக அசைந்தது. டாக்டரம்மா பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“இது நேத்து வந்த களைப்பு இல்லம்மா. ரொம்ப வருஷம் டயாலிசிஸ்ல இருக்கிறவங்கள்ல சிலருக்கு இப்படி ஆகுது. கத்தி வேண்டாம்.”

படியிறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

“நேத்தோட விட்டிருக்கலாம். மெஷின் மேல பழியைப் போட்டுக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்போம்,” என்றார். குரலில் கோபமே இல்லை.

ஆஸ்பத்திரியையே எதிர்த்துப் பேசியவள் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவர் சொன்னது சரி. அவரிடம் மிச்சமிருந்த நல்ல நாளைச் சண்டை போட்டுப் பிடுங்கியவள் அவள்தான்.