இடிக்குக் கழற்றிய வயர்

முதலில் என் கண்ணில் பட்டது கடைசி நான்கு இலக்கங்கள்தான்.

கறுப்புத் திரையில் ஒரு நீளமான எண். மேசைக்கு அடியில் கணினிப் பெட்டி இரவு பகலாக இரைந்துகொண்டே இருக்கும்... அந்த அறைக்குள் கால் வைத்தாலே அனல் அடிக்கும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்த எண்ணுக்குக் கீழே இன்னோர் எண் வந்து விழும். அறையைக் கூட்டும்போது பார்ப்பேன். முன்பக்கம் மாறாது. வால் மட்டும் மாறும்.

இது நாற்பது வருடக் கதை இல்லை, இரண்டே வருடம். ஆனாலும் வேறொரு காலம்போல் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். கரும்பலகைக்கு முன்னால் கூப்பிட்டால் விடை தெரிந்தாலும் வாய் திறக்காது... வகுப்பே சிரிக்கும். ஒருநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

புங்குடுதீவில் ஒரு மாமி விழுந்து இடுப்பெலும்பை முறித்திருந்தார். அவருக்குத் துணையாகத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் வாணி அக்கா, இரசாயனவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஐந்தாவது வருடம். தாயைத் தனியே விட முடியாமல் கணினியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கெமிஸ்ற்றி எண்டுறாள். ஒரு போத்தல் இல்லை, ஒரு மணம் இல்லை. ரீவி பாக்கிறதுக்கோ உவ்வளவு படிப்பு?" என்று மாமி படுக்கையில் இருந்தபடியே நக்கலடிப்பார்.

"போத்தலுக்குள்ளை செய்யிறதைத்தான் அம்மா, இதுக்குள்ளை கணக்காச் செய்யிறன்."

கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கும் நைத்திரேற்றைப் பிடித்து வைக்கக்கூடிய ஒரு மூலக்கூறு. அது எந்த வடிவத்தில் ஆறுதலாக நிற்கும் என்று கணினி தேடிக்கொண்டிருந்தது. எண் இறங்கி இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றால் வேலை முடிந்தது என்று அக்கா சொல்லியிருந்தார். அதை வைத்து எழுதும் கடைசி அத்தியாயம் மாத முடிவுக்குள் போகவேண்டும். போகாவிட்டால், வெளிநாட்டில் கிடைத்திருந்த ஆராய்ச்சி வேலை கைவிட்டுப் போய்விடும்.

"என்ன வந்தாலும் இதை நிப்பாட்டிப் போடாதேயும்," என்றார் அக்கா. மற்ற அத்தியாயங்களை எழுதுவதிலேயே மூழ்கியிருந்தார். முடிந்தால் அதுவே சொல்லும் என்று விட்டுவிட்டார்.

பதினோராம் நாள் அக்கா பேராசிரியரைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தார். மத்தியானம் வானம் இருண்டது. முதல் இடி...

"பிள்ளை, வயர்!" என்று மாமி கத்தினார்.

தீவில் இடி என்றால் கை தானாகச் சுவருக்குப் போகும். ரீவி, பிரிட்ஜ், பிறகு அந்த அறை. எல்லாவற்றையும் கழற்றினேன். கரண்ட் போனாலும் கணினியைத் தாங்குகிற பற்றரிப் பெட்டி மேசைக்கு அடியில் பீப் பீப் என்று அலறியது. இடிக்குப் பயந்து அதையும் அமத்தி நிறுத்திவிட்டேன்.

திரை இருண்ட பிறகுதான் அக்கா சொன்னது நினைவு வந்தது.

மாமி என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "கரண்ட் போயிட்டுது எண்டு சொல்லுவம். நீ வாயைத் திறவாதை."

வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பழகின வேலைதான். ஆனால் மாலையில் அக்கா நனைந்தபடி வந்து அந்த அறை வாசலில் அசையாமல் நின்றபோது, முடியவில்லை.

"நான்தான் அக்கா... கழட்டினனான்."

அவர் ஏசவில்லை. கதிரையில் அமர்ந்து நிலத்தைப் பார்த்தார். "பதினொரு நாள்..."

"அக்கா, அது நாலு நாளா இறங்கேல்லை. ரண்டு எண்தான் மாறி மாறி வந்தது. 4417, 4392. திரும்ப 4417."

"என்ன சொன்னனீர்?"

கணினியைத் திரும்பப் போட்டார். அதுவரை வந்த எண்களெல்லாம் கோப்பில் இருந்தன. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். 4417. 4392. 4417.

"தொடங்கின வடிவமே பிழை. ஒரு மாதம் விட்டிருந்தாலும் இது உப்பிடியே ஆடிக்கொண்டு நிண்டிருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "நாலு நாளும் ஏன் சொல்லேல்லை?"

கரும்பலகைக்கு முன்னால் நின்றதுபோலவே நின்றேன்.

அக்கா ஈரத் தலையை முடிந்துகொண்டார். "சரி. தேத்தண்ணி போடும். வேறை வடிவத்தோடை முதலிலையிருந்து தொடங்குவம்."

தொடங்கினார். மூன்றாம் நாள் திரும்பவும் இடி. "வயர்!" என்றார் மாமி. ரீவியைக் கழற்றினேன், பிரிட்ஜைக் கழற்றினேன். அதை மட்டும் தொடவில்லை. "வீடு எரியப் போகுது!" என்று மாமி ஏசினார். "எரியட்டும் மாமி," என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

ஆறாம் நாள் எண் ஓரிடத்தில் நின்றது. ஒருநாள் மிச்சம் இருக்க அத்தியாயம் போனது.

இப்போது அக்கா பனி கொட்டும் ஊரில் ஆராய்ச்சி செய்கிறார். மாமி பொல்லை ஊன்றிக் கிணற்றடிவரை போகிறார். அந்த அறையில் இரைச்சல் இல்லை... சில நேரம் அந்த அமைதி காதுக்குள் குத்தும்.

நான் வேலணையில் ஒரு ரியூசன் வகுப்புக்குப் போகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம். என்னைவிட மூன்று நான்கு வயது குறைந்த பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருக்கிறேன். போன கிழமை படிப்பிக்கும் சேர் பலகையில் ஒரு கணக்குச் செய்தார். மூன்றாவது வரியில் கழித்தல் அடையாளம் விடுபட்டிருந்தது. எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கையை உயர்த்தினேன்.